ரீட் கட்டளையும் ஒரு கொக்கும்

சென்ற மே விடுமுறையில் அக்கா மகள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். இரண்டாம் வகுப்பு முடித்தவள். நான் மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதில் விளையாட்டு ஒன்றுமே இல்லையா மாமா?" என்று கேட்டாள். சர்வர்களைப் பராமரித்துப் பிழைக்கிற ஒருவனிடம் அப்படிக் கேட்டால் தன்மானம் சும்மா இருக்குமா? அரை மணி நேரத்தில் பேஷ் ஷெல்லில், அதாவது அந்தத் திரையில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரலில், ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். ஒரு சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். முழுச் சொல்லும் வருவதற்குள் அது என்னவென்று சொல்லிவிட வேண்டும்.

முதல் சொல் கொக்கு. திரையில் முதலில் 'க' வந்தது. அடுத்து, புள்ளிகளால் வரைந்த ஒரு வட்டம். அதன் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் கால். பிறகு மறுபடியும் 'க'. பிறகு அதே வட்டம், தலையில் ஒரு புள்ளியோடு.

"மாமா, எழுத்து உடைந்துவிட்டது" என்றாள்.

உடைத்தது ரீட் என்ற கட்டளை. பேஷில் 'ரீட் -என் 1' என்றால் உள்ளீட்டிலிருந்து ஓர் எழுத்தைப் படி என்று பொருள். ஆனால் அது எழுத்து என்று நினைப்பது வேறு, இரண்டாம் வகுப்புப் பாடநூல் எழுத்து என்று சொல்வது வேறு. கொக்கு என்பதில் நமக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் கணக்கில் அது ஆறு குறியீடு: க, ஒகரக்குறி, க, புள்ளி, க, உகரக்குறி. இந்தக் குறியீடுகளைக் கணினி யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 18 பைட். ரீட் நடுவில் உள்ள கணக்கை எடுத்துக்கொள்கிறது. பைட்களாகச் சிதறடிக்காதவரை அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குழந்தைக்கு அது போதாது.

இதற்குச் சுருக்கமான வைத்தியம் உண்டு. வாசகத்தில் வடிவங்களைத் தேடும் கிரெப் கட்டளையை '-பி' ஆப்ஷனோடு (கட்டளையின் நடத்தையை மாற்றும் குறி அது), பெரிய பி, அழைத்தால் பேர்ல் நிரல்மொழியின் பாணி வடிவங்களைப் புரிந்துகொள்ளும். அதில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்த்து எழுதினால், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிகிற குறியீட்டுக் கொத்து ஒன்றை அது முழுசாகப் பிடிக்கும். யூனிகோடின் 29ஆம் இணைப்பறிக்கை இந்தக் கொத்துகளின் எல்லையை வரையறுக்கிறது. அதில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டவற்றில் ஒன்று நம்முடைய 'நி'. ஒரே வரியில் ஸ்கிரிப்ட் சரியாகிவிட்டது. கொக்கு பறந்தது, மயில் ஆடியது, அவள் தூங்கப் போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ரீட் கட்டளைக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா? ஓர் ஆப்ஷன்தானே, சேர்த்துவிட்டால் என்ன? '-ஜி' என்று பெயர்கூட வைத்துவிட்டேன்.

ரீட் போன்றவை ஷெல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகள். கிரெப் போலத் தனிக் கோப்பாக வட்டில் கிடப்பவை அல்ல. ஏன் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு யூனிக்ஸ் இயக்குதளத்தின் தொடக்க நாட்களில் நடந்த ஒரு கூத்தை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பதிவு செய்திருக்கிறார். பிடிபி-7 இயந்திரத்தில் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஒவ்வொரு கட்டளைக்கும் புதிய புரோசஸ் ஒன்றை, அதாவது தனியாக ஓடும் நிரல் ஒன்றை, உண்டாக்கும் ஃபோர்க் முறையைச் சேர்த்தார்கள். மறுநிமிடம், அடைவு (கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை. நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பிழை இல்லை. பிறகுதான் புரிந்தது: கட்டளை ஒழுங்காக அடைவை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தன்னுடைய புரோசஸின் அடைவை. வேலை முடிந்ததும் அந்தப் புரோசஸ் இறந்துபோகும். ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்றுமுதல் அந்த வேலையை ஷெல்லே தன் கையால் செய்ய வேண்டியதாயிற்று. ரீட் கதையும் அதுதான். படித்ததை ஷெல்லின் மாறியில் வைக்க வேண்டும் என்றால் ஷெல்லுக்குள்ளேதான் இருந்தாக வேண்டும். அதனால் ரீடுக்கு ஓர் ஆப்ஷன் வேண்டுமென்றால் ஷெல்லையே பிரித்துப் போட வேண்டும்.

பேஷின் மூல நிரலை இறக்கிக்கொண்டேன். 1989இல் பிரையன் ஃபாக்ஸின் கையிலிருந்து வெளிவந்த நிரல் இது. சில ஆண்டுகளில் செட் ரேமி கையில் எடுத்தார். இன்றுவரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இவ்வளவு பேர் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் காப்பாற்றி வருகிறார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் நிறைய மரியாதையாகவும் இருக்கிறது.

பில்டின்ஸ் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு உள்கட்டளைக்கும் ஒரு கோப்பு. அவை நேரடியான சி நிரல்கள் அல்ல. மேலே டாலர் குறியோடு தொடங்கும் சில வரிகள் இருக்கும்: கட்டளையின் பெயர், எந்த ஃபங்ஷன் அதை நடத்துகிறது, எப்படி அழைக்க வேண்டும் என்ற ஒரு வரிச் சுருக்கம், ஹெல்ப் என்று கேட்டால் வரவேண்டிய விளக்கம். அதன் கீழே சி நிரல். பேஷைக் கட்டும்போது முதலில் ஒரு குட்டி நிரல் ஓடி, இந்தக் கோப்புகளை மென்று, விளக்கத்தை ஒரு பக்கமும் நிரலை ஒரு பக்கமும் பிரித்துக் கொடுக்கும். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருப்பதால், ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு விளக்கத்தில் சேர்க்க மறந்தேன் என்று சாக்குச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆப்ஷனைச் சேர்க்கும் வேலை வெட்கப்படும் அளவுக்கு எளிது. ரீட் ஏற்கும் எழுத்துகள் எல்லாம் ஒரே சரமாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். பின்னால் மதிப்பு வேண்டும் என்கிற எழுத்துக்கு அடுத்து ஒரு முக்காற்புள்ளி. அந்தச் சரத்தின் கடைசியில் ஜி, முக்காற்புள்ளி. கீழே சுவிட்ச் அடுக்கில் அதற்கு ஓர் அறை: வந்தது எண்தானா, எதிர்மறையாக இல்லையா என்று பார்த்து ஒரு மாறியில் போட வேண்டும். '-என்' அறையை அப்படியே நகல் எடுத்துப் பெயரை மாற்றினேன். தெரியாத எழுத்து வந்தால் பயன்பாட்டுச் சுருக்கத்தைக் காட்டிவிட்டுத் திரும்பும் அறை ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே அதன் எண் 258, வெளியே வரும்போது 2 ஆகிவிடும். சுருக்கத்தில் ஒரு சொல், விளக்கத்தில் இரண்டு வரி. பத்து நிமிட வேலை. கட்டிப் பார்த்தேன். 'ஹெல்ப் ரீட்' என்று கேட்டதும் என்னுடைய இரண்டு வரி நடுவில் வந்து நின்றது. அந்த ஆப்ஷன் இன்னும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் அந்த வரிகளை நான்கு முறை படித்து ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரசித்து முடித்த பிறகுதான் எழுத்தைப் பற்றிய சந்தேகம் வந்தது. ஜி யாருடையது? வேறு ஷெல் ஏதாவது அதை வேறு பொருளில் வைத்திருந்தால்? இது வெறும் ஆசாரம் அல்ல. 'ரீட் -பி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பேஷில் அதற்குப் பொருள், படிப்பதற்கு முன்னால் இந்த வாசகத்தைத் திரையில் காட்டு என்பது. கார்ன் ஷெல்லிலும் இசட்-ஷெல்லிலும் அதற்குப் பொருள், பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் துணைப் புரோசஸிடமிருந்து படி என்பது. ஒரே கட்டளை, ஒரே எழுத்து, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வரிசைமாறியில், அதாவது பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் மாறியில், படிக்க பேஷில் சிறிய ஏ, அந்த இரண்டிலும் பெரிய ஏ. யார் செய்தது சரி என்று கேட்பதில் பயனில்லை. அவரவர் வீட்டில் காலியாக இருந்த எழுத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். இன்று எவரும் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வகைச் சண்டைகளில் மூத்தது எக்கோவுடையது. கொடுத்ததைத் திரும்பச் சொல்வது மட்டுமே அதன் வேலை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதற்கு '-என்' ஆப்ஷன் இருந்தது: கடைசியில் புதுவரிக்குப் போகாதே என்று பொருள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸை வளர்த்தவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஐந்து என்ற யூனிக்ஸ் பக்கம் போனவர்கள் ஆப்ஷனே வேண்டாம் என்று, வாசகத்துக்குள்ளேயே பின்சாய்கோடு போட்டு சி என்று எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். யூனிக்ஸ் வகையறாக்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தை எழுத உட்கார்ந்தவர்களால் இரண்டு பங்காளிகளையும் ஒரு பந்தியில் உட்கார வைக்க முடியவில்லை. '-என்' ஆப்ஷனும் பின்சாய்கோடும் இல்லாமல் எழுதினால் மட்டுமே எக்கோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும், மற்றதற்கு பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள் என்று எழுதிவைத்துவிட்டு எழுந்துபோனார்கள். பேஷ் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த '-இ' என்று ஒன்றைச் சேர்த்தது: இது இருந்தால் பின்சாய்கோட்டுக்குப் பொருள் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தச் சமாதானம் எனக்கு ஓர் இரவைத் தின்றது. முன்பு ஓரிடத்தில் வேலை பார்த்தபோது, அமைப்புக் கோப்பு ஒன்றை உண்டாக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். முதல் வரியில் ஷெல்லின் பெயரை எஸ்எச் என்று மட்டும் போட்டிருந்தேன். என் கணினியில் எஸ்எச் என்றால் பேஷ். கொண்டுபோய் வைத்த சர்வரில் எஸ்எச் என்றால் டேஷ் என்ற இன்னொரு ஷெல். டேஷ் '-என்' ஆப்ஷனை அறியும். பின்சாய்கோட்டைக் கேட்காமலே விரிக்கும். '-இ' என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. தெரியாத ஆப்ஷனைக் கண்டால் மற்றக் கட்டளைகள் குய்யோ முறையோ என்று கத்தும். எக்கோ கத்தாது. அதையும் வாசகமாக எடுத்துக்கொண்டு பவ்யமாகத் திரும்பச் சொல்லிவிடும். உண்டான கோப்பில் ஒவ்வொரு வரியின் தலையிலும் '-இ' என்று அச்சாகியிருந்தது. அதைப் படித்த சேவை விடியும்வரை எழவில்லை. உபுண்டு 2006 அக்டோபரில் வந்த 6.10 பதிப்பிலேயே எஸ்எச்சை டேஷுக்கு மாற்றிவிட்டது. பல ஆண்டுகள் கழித்தும் அது தெரியாமல் எழுதியது என் தப்பு.

எக்கோ ஏன் அப்படி என்பதை பேஷின் மூலத்தில் பார்க்கலாம். மற்ற உள்கட்டளைகளில் பெரும்பாலானவை ஆப்ஷன்களைப் பிரிக்க ஒரு பொது ஃபங்ஷனை அழைக்கின்றன. எக்கோ தன் கையாலேயே எழுத்து எழுத்தாகப் பார்க்கிறது. ஓர் எழுத்து பிடிபடாவிட்டாலும் மொத்தத்தையும் வாசகம் என்று விட்டுவிடுகிறது. 'எக்கோ -என்எக்ஸ்' என்றால் '-என்எக்ஸ்' என்றே அச்சாகும். இரட்டைக் கோடு போட்டால் ஆப்ஷன்கள் முடிந்தன என்று மற்றப் பெரும்பாலான கட்டளைகளுக்குத் தெரியும். எக்கோ அந்த இரட்டைக் கோட்டையும் அச்சிடும். பேஷில் எக்கோவை வைத்து '-என்' என்ற இரண்டே குறியை மட்டும் அச்சிட முயன்று பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

சரி, கொக்குக்கு வருகிறேன். ஆப்ஷன் எழுத்து தயார். இனி அது சொன்னதைச் செய்ய வேண்டும். ரீடின் நடுவில் ஒரு பெரிய சுழல் இருக்கிறது: ஒரு பைட் வாங்கு, அது நீண்ட குறியீட்டின் தொடக்கமா என்று பார், ஆமென்றால் மீதி பைட்களையும் வாங்கு, எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, கேட்ட எண்ணிக்கை வந்ததா, வெளியேறு. நான் செய்ய வேண்டியது கூட்டும் இடத்தை மாற்றுவது. குறியீடு வந்ததும் எண்ணாதே. அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் இதோடு சேர். புது எழுத்து தொடங்கினால்தான் பழையது முடிந்தது என்று எண்ணு. நாற்பது வரி. கொக்கு என்ற சொல்லை, ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பைப் வழியாக அனுப்பி, ஓரோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன்.

முதலில் 'கொ' வந்தது. எழுந்து நின்று கைதட்டாத குறை. அடுத்தது வட்டத்தின் தலையில் புள்ளி. அதற்கடுத்தது வட்டத்தோடு உகரக்குறி. நடுவில் இரண்டு 'க' காணவில்லை.

கொஞ்சம் யோசித்தால் களவு போன இடம் தெரியும். 'கொ' முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அடுத்த குறியீட்டை எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பது என்றால் வாங்கிப் பார்ப்பது. வாங்கியது 'க'. புது எழுத்து, ஆகவே 'கொ' முடிந்தது என்று வெளியேறினேன். கையில் இருந்த 'க'வை என்ன செய்வது? பைப்பில் ஒரு பைட்டை வாங்கினால் வாங்கியதுதான். திரும்பப் போட வழியில்லை. கோப்பாக இருந்தால் எல்சீக் என்று சொல்லி மூன்று பைட் பின்னால் நகர்ந்துவிடலாம். அதைச் சேர்த்துப் பார்த்தேன். கோப்பில் அருமையாக வேலை செய்தது. பைப் என்பது வாய்க்கால். ஓடிய நீரை யார் ஏற்றுவது?

எடுத்ததை ஷெல்லின் நினைவில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, அடுத்த ரீடுக்கு முதலில் அதைக் கொடுத்தால் என்ன? செய்தேன். சுழலில் கொக்கு முழுசாக வந்தது. பத்து நிமிட மகிழ்ச்சி. பிறகு, அடைப்புக்குள் ரீட் ஒன்றும் அதன் பின்னால், வந்ததை அப்படியே அச்சிடும் கேட் கட்டளை ஒன்றும் போட்டு, இரண்டுக்கும் ஒரே பைப்பைக் காட்டினேன். ரீட் 'கொ'வை எடுத்துக்கொண்டது. கேட் மீதியை அச்சிட்டது: ஓர் அநாதைப் புள்ளி, அதன் பின்னால் 'கு'. நடுவில் உள்ள 'க' ஷெல்லின் மூலையில் பத்திரமாக இருந்தது. கேட் வேறு புரோசஸ். அந்த மூலை அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ரீட் எவ்வளவு மரியாதை தெரிந்த கட்டளை என்று விளங்கியது. எஸ்டிரேஸ் என்ற கருவியைப் போட்டு, ரீட் இயக்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்பதை எல்லாம் எட்டிப் பார்த்தேன். பைப்பிலிருந்து கொக்கு என்ற ஒரு வரியைப் படிக்க அது பத்தொன்பது முறை கேட்கிறது: 18 பைட்டுக்குப் பதினெட்டு முறை, புதுவரிக் குறிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பைட். முன்பெல்லாம் இதைப் பார்த்து, என்ன மட்டமான நிரல், ஒரே அள்ளில் நாலாயிரம் பைட் வாங்கினால் என்ன என்று ஏளனம் செய்திருக்கிறேன். ஷெல்லில் சுழல் மெதுவாக ஓடுகிறது என்று எல்லாரும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அது மெதுவாகப் போவது தனக்காக அல்ல. அந்த வாய்க்காலில் தனக்குப் பின்னால் யாரோ வாயை வைத்திருக்கலாம். அவர்களுக்கு உரியதில் ஒரு பைட்கூடத் தன் கையில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. பந்தியில் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்காரருக்கு உள்ள வடையையும் சேர்த்து இந்த இலையில் வைக்கமாட்டார், அது போல. '-ஜி' அதைத்தான் செய்யச் சொன்னது.

அப்படியானால் மூன்று பைட் குறியீடுகளை மட்டும் எப்படி எட்டிப் பார்க்காமல் சரியாக வாங்குகிறது? அதற்கு நன்றி சொல்ல வேண்டியது யுடிஎஃப்-8 முறைக்கு. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் கென் தாம்ப்சன் அதை வரைந்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய சக பணியாளர் ராப் பைக். 'க' என்பதன் மூன்று பைட் 224, 174, 149. முதலில் உள்ள 224ஐ இரும எண்ணாக எழுதினால் தொடக்கத்தில் மூன்று ஒன்றுகள் வரிசையாக நிற்கும்: என்னோடு சேர்த்து மூன்று பேர் வருகிறோம் என்று வாசலிலேயே அறிவிப்பு. படிப்பவர் மூன்றை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம். யூனிக்ஸின் முதல் ஷெல்லை எழுதியவரும் தாம்ப்சன்தான் என்பதால், வாய்க்காலில் படிப்பவனின் கஷ்டம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

யூனிகோடில் சேர்க்குறிகளுக்கு அந்த அறிவிப்பு இல்லை. உடல் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். உடலைப் பார்த்து, பின்னால் ஆள் வருகிறதா என்று சொல்ல முடியாது.

முழுவதுமாகச் சொல்ல முடியாதா என்று இரண்டு நாள் கணக்குப் போட்டேன். 'அ' முதல் 'ஔ' வரை உள்ள உயிர்கள் வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றோடு பொதுவாகக் குறி எதுவும் ஒட்டாது. புள்ளி வந்துவிட்டால் மெய் முடிந்தது. ஆகாரக் காலோ இகரக் கொக்கியோ வந்துவிட்டால் உயிர்மெய் முடிந்தது. ஒகரத்தைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகப் பிரித்து அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. அதற்கு மட்டும் கொம்பைக் கண்டால் கொஞ்சம் கவனம். மிச்சம் இருப்பது ஒரே வகை: க, ங, ச என்று வெறும் அகரமேறிய மெய்கள். 216 உயிர்மெய்யில் 18. அங்கேதான் சிக்கல். மற்ற எல்லா உயிருக்கும் குறி உண்டு, மெய்க்குப் புள்ளி உண்டு. அகரத்துக்கு மட்டும் எதுவும் கிடையாது. எதுவும் வராததுதான் அதன் குறி. தாளில் அது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! வாய்க்காலில் ஒன்று வரவில்லை என்பதை எப்படி அறிவது? அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தால்தான் அறிய முடியும்.

விசைப்பலகையில் நேரடியாகச் சோதித்தபோது இது கண்ணெதிரே நடந்தது. 'அ' என்று அடித்தேன், உடனே ஏற்றுக்கொண்டது. 'க' என்று அடித்தேன். திரை அப்படியே நின்றது. அது எனக்காகக் காத்திருந்தது, நான் அதற்காகக் காத்திருந்தேன்.

நேரக்கெடு வைக்கலாம்: அரை நொடிக்குள் குறி வராவிட்டால் அகரம் என்று முடிவு செய்துவிடு. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. டெர்மினலில் எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு குறியீடு போகும்; மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதே குறியீட்டில் தொடங்கி இன்னும் இரண்டு போகும். வந்தது தனி எஸ்கேப்பா, அம்பின் தலையா என்று தெரிய, பேஷின் வரித் திருத்தி 500 மில்லி நொடி காத்திருக்கிறது. விரலுக்கு அது சரி. ஆனால் பைப்பின் மறுமுனையில் இருப்பது மெதுவான இணையத் தொடர்பாக இருந்தால்? 'க' இப்போது வந்து, அதன் காலைச் சுமக்கும் பாக்கெட் ஒரு நொடி தாமதமாக வந்தால், காக்காவின் முதல் எழுத்து 'க' தனி, கால் தனி என்று உடைந்துவிடும். வேகமான நாளில் ஒரு விடையும் மெதுவான நாளில் வேறொரு விடையும் தரும் ஆப்ஷனை உலகத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என் மடிக்கணினிக்குள் மட்டும் வைத்திருக்கவும் மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் அது என்னுடையது என்பதை மறந்துபோய் ஏதாவது சர்வரில் எழுதிவிடுவேன். '-இ' கற்றுக்கொடுத்த பாடம் ஒரு முறை போதும்.

புது ஆப்ஷன்களே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024இல் வந்த பாசிக்ஸ் தரம் ரீடுக்கு '-டி' ஆப்ஷனைச் சேர்த்துக்கொண்டது. புதுவரிக்குப் பதில் வேறொரு குறியில் நிறுத்து என்று பொருள். பேஷில் அது எவ்வளவோ காலமாக இருப்பது. கோப்பின் பெயருக்குள் புதுவரிக் குறி இருந்தாலும் தடுமாறாமல் படிக்க அது உதவுகிறது. 2025இல் வந்த பேஷ் 5.3 பதிப்பில், ஒரு கோப்பில் உள்ள கட்டளைகளை ஓட்டும் சோர்ஸ் கட்டளைக்கு '-பி' வந்தது. கோப்பை எந்த அடைவுகளில் தேட வேண்டும் என்று அந்த ஒரு முறைக்கு மட்டும் சொல்லலாம். இரண்டும் கட்டளையின் பழைய நடத்தையைத் தொடவில்லை. '-டி' கொடுத்தாலும் ரீட் தன் பங்குக்கு மேல் ஒரு பைட் எடுப்பதில்லை. நிறுத்தும் குறிதான் மாறுகிறது. அது கையில் வந்த உடனே தெரிந்துவிடும், அடுத்தவர் இலையைப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் என் நாற்பது வரியையும் அழித்தேன். ஹெல்ப்பில் இருந்த இரண்டு வரியை அழிக்கும்போதுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அதற்குப் பதில் ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொண்டேன். முழு வரியையும் முதலில் ரீட் படித்துக் கொடுத்துவிடும், அதன் பழைய மரியாதையோடு. கையில் வந்த சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்து வரிசைமாறியில் போடுவது ஃபங்ஷனின் வேலை. சரம் முழுவதும் கையில் இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். பேஷில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது, ஃபங்ஷன்களுக்கு வைக்கலாம். ஆகவே அதன் பெயர் 'எழுத்தெண்ணு'. டெர்மினலில் எழுத்தெண்ணு என்று அடித்து, கொக்கு என்று கொடுத்தால் 3 என்று சொல்லும்.

அக்கா மகள் ஊருக்குப் போகும் முன்னால் அதை வைத்து அவளும் அம்மாவும் பந்தயம் கட்டினார்கள். பேத்தி ஒரு சொல்லை அடிக்க, பாட்டி விரல் விட்டு எண்ணிச் சொல்ல, எழுத்தெண்ணு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அம்மா இருபது சொல்லில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசியில், "நான் ஒரு சொல் தருகிறேன்" என்று சொல்லி, 'அக்ஷரம்' என்று அடிக்கச் சொன்னார்.

திரையில் 5 என்று வந்தது.

"நான்கு எழுத்துதானேடா? இது ஐந்து என்கிறதே. க்ஷ ஓர் எழுத்து இல்லையா?" என்று அம்மா என்னைப் பார்த்தார். யூனிகோடின் கணக்கில் க் ஒன்று, ஷ ஒன்று, நடுவில் எல்லை உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். எழுத்து என்றே பொருள்படும் ஒரு சொல்லில் எழுத்தைத் தப்பாக எண்ணிவிட்டு யூனிகோடைச் சாட்சிக்கு அழைப்பது அவ்வளவு நன்றாக இருக்காது என்று தோன்றியது. க்ஷவை ஒன்றாக எண்ண ஒருவருக்கு வேண்டும், இரண்டாக எண்ண இன்னொருவருக்கு வேண்டும். இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

எழுத்தெண்ணுக்கு ஓர் ஆப்ஷன் சேர்த்தேன். '-க்ஷ' என்றே பெயர் வைக்க ஆசை. ஆனால் ஷெல்லில் ஆப்ஷன்களைப் பிரித்துத் தரும் கெட்ஆப்ட்ஸ் கட்டளை பைட் பைட்டாகத்தான் பார்க்கும். ஆப்ஷன் எழுத்து ஒரு பைட்டுக்குள் அடங்க வேண்டும். க்ஷவுக்கு ஒன்பது பைட். ஆகவே '-கே'. அம்மாவுக்கு அதுதான் எப்போதும் வேண்டும் என்பதால், கணினியில் அவருடைய பயனர் கணக்கில் மட்டும் அது தானாகவே சேரும்படி வைத்துவிட்டேன்.